எழுபத்தொரு டாலர் நாற்பது சென்ட்

என் தம்பி ஆர்லிஸ் பிராட்டன் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். அவை கொஞ்சம்தான், ஆனால் ஒன்றுகூட சுலபமாக வந்ததில்லை.

1948 ஜனவரியில் ஏழாம் மாதத்திலேயே பிறந்தான். எடை இரண்டு பவுண்டு பதினோரு அவுன்ஸ். ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்கமாட்டான் என்று டாக்டர் சொன்னார். அப்பா தான் வேலை பார்த்த ஷூ ஃபாக்டரியிலிருந்து ஒரு பூட்ஸ் பெட்டி கொண்டுவந்தார். அதில் பஞ்சைப் பரப்பி, அவனைப் படுக்கவைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி மேல் வைத்தோம். எனக்கு அப்போது ஐந்து வயது. அந்த ஞாயிறையும் பார்த்தான், அதன் பிறகு மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஞாயிறுகளையும் பார்த்துவிட்டான். கார் ஓட்டும் லைசென்ஸுக்கு ஐந்து முறை தோற்று ஆறாவது முறை வாங்கினான். கேள்விகளை ஒரு அதிகாரி வாய்விட்டுப் படிக்க, இவன் பதில் சொன்னான். 1982இல் கெம்ப்லர் மோட்டார்ஸில் இருபத்திரண்டு பேரில் பதினான்கு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இவனை அனுப்பவில்லை. 1983இல் தொழிலாளர் தினக் கார்க் கண்காட்சியில் பாங்க் மேனேஜரிடம் பந்தயம் கட்டி ஒரு முழுப் பன்றித் தொடையை ஜெயித்தான். பதினாறு பவுண்டு. நான்தான் நிறுத்துப் பார்த்தேன். 1999இல் வயிற்றில் கட்டி எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டான்.

கல்யாணம் நிச்சயமாகிப் பதினோரு மாதத்தில் முறிந்துபோனது. அதை இதில் சேர்க்கவில்லை.

அவனுக்கு எழுத்து வராது. மிஸ்கள் அடித்தும் பார்த்தார்கள், மிட்டாய் கொடுத்தும் பார்த்தார்கள். "பக்கத்தைப் பார்த்தா எறும்பு ஓடுற மாதிரி இருக்கு அக்கா," என்பான்.

"அப்போ நம்பர் மட்டும் ஏன்டா ஓடல?"

"அதுங்க கனமா இருக்கு."

தெருவில் போகிற கார்களின் நம்பர் பலகையை எல்லாம் ஒப்பிப்பான். ரயில் பெட்டிகளின் எண்களைச் சொல்வான். ஆனால் தன் பெயரை எழுதச் சொன்னால் பென்சிலைக் கடிப்பான். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்தபடியே பதினாறு வயதானது. அன்றைக்கே பள்ளியை விட்டான். வங்கி, வரி, லைசென்ஸ் எல்லாவற்றிலும் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போடுவான். பக்கத்தில் நான் சாட்சியாகக் கையெழுத்துப் போடுவேன். வெர்னா பிராட்டன், வெர்னா பிராட்டன் என்று எத்தனையோ தாள்கள். நானும் பத்தாம் வகுப்புதான். பாதி வாழ்க்கை ஷூ ஃபாக்டரியில் தையல், மீதி பள்ளிக்கூடச் சமையலறை.

1964 ஜூனில் கெம்ப்லர் மோட்டார்ஸில் கார் கழுவச் சேர்ந்தான். அங்கே சாதாரணக் கார்களோடு கெஸ்ட்ரல் என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரும் விற்றார்கள். வருஷத்துக்கு எட்டு, ஒன்பதுதான் வரும். வந்தால் ஊர் கூடிவிடும். ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் சட்டப்படி ஒரு விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். மேலே காரின் விலை, அதன் கீழே ரேடியோ, டயர், பெரிய இன்ஜின் என்று கூடுதலாகக் கேட்டவற்றின் விலை, கடைசியில் ஃபாக்டரியிலிருந்து கொண்டுவந்ததற்கான டெலிவரி சார்ஜ், அடியில் மொத்தம். கார் விற்றதும் அந்தச் சீட்டை எடுப்பது கழுவுகிறவன் வேலை. மற்ற கடைகளில் பிளேடால் சுரண்டி எறிவார்கள். ஆர்லிஸ் வெந்நீரில் வினிகர் கலந்து ஒற்றி, கால்மணி நேரம் காத்திருந்து, நான்கு மூலையும் தானாக விட்டுக்கொடுத்த பிறகு எடுப்பான். மூன்றாக மடித்து, உறையில் போட்டு, காருக்குள் டாஷ்போர்டுப் பெட்டியில் வைப்பான். நாற்பத்தைந்து வருஷத்தில் ஒன்றைக்கூடக் கிழித்ததில்லை.

எடுத்த சீட்டு ஒவ்வொன்றும் மனதில் நின்றுவிடும். எழுத்து தெரியாவிட்டாலும் எந்த வரியில் எது வரும் என்று இடம் தெரியும். மத்தியானம் போலோனா இறைச்சி சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே போன வருஷத்துக் கார்களை வரிசையாக ஒப்பிப்பான். மெக்கானிக்குகள் அவனுக்குக் கல்லாப்பெட்டி என்று பெயர் வைத்தார்கள்.

"ஏய் கல்லாப்பெட்டி, அந்தப் பச்சைக் கார் எவ்வளவு?"

"எந்தப் பச்சை? வக்கீல் வாங்கினதா, வக்கீல் பொண்டாட்டி திருப்பிக் குடுத்ததா?"

"ரெண்டும் ஒண்ணுதானேடா!"

"கார் ஒண்ணு. ரெண்டாவது தடவை ரேடியோ இல்ல. அந்தம்மா கழட்டிட்டு வந்தாங்க."

டெலிவரி சார்ஜ் மேல் அவனுக்குத் தனி மோகம். அது ஃபாக்டரியிலிருந்து தூரத்தைப் பொறுத்தது, ஊருக்கு ஊர் மாறும். "விலை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் அக்கா. டெலிவரி சார்ஜ்தான் கார் எந்த ஊருக்கு வாக்கப்பட்டுச்சுன்னு சொல்லும்," என்பான். கொலம்பஸுக்கு இவ்வளவு, சின்சினாட்டிக்கு இவ்வளவு, நம் போர்ட்ஸ்மவுத்துக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்வான். எனக்கு அன்றைக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

இருபது வருஷம் கழித்து அந்தப் பழைய கெஸ்ட்ரல்களுக்கு மவுசு வந்தது. சீட்டு இருக்கும் காருக்கு ஒரு விலை, இல்லாததற்கு ஒரு விலை. கண்காட்சியில் பந்தயம் வந்தது அப்போதுதான். இருபது கார்கள் நின்றன. சொந்தக்காரர்கள் சீட்டைக் கோப்பில் மறைத்துக்கொண்டு நிற்க, ஆர்லிஸ் ஒவ்வொரு காராகச் சுற்றிவந்து மொத்தத்தைச் சொன்னான். பதினெட்டு சரி. மீதி இரண்டுக்கும், "நான் சொன்னதுதான் சரி, உங்க பேப்பர் தப்பு," என்றான். சிரித்தார்கள். ஒரு மாதம் கழித்து அந்த இரண்டு பேருமே தங்களிடம் இருப்பது புதிதாக அச்சடித்தது என்று ஒப்புக்கொண்டார்கள். பாங்க் மேனேஜர் தொடையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு சுற்றியுள்ள மூன்று கவுன்டி மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் சீட்டோடு வருவார்கள். காசு வாங்கமாட்டான். ஒரு காபி, ஒரு துண்டு ஆப்பிள் பை. பார்த்துவிட்டு ஆமாம் என்பான், இல்லை என்பான். இல்லை என்றால் சிலர் கத்துவார்கள். அவன் தட்டைக் கழுவப் போய்விடுவான்.

அவன் குடியிருந்தது ஷோரூமுக்குப் பின்னால் முன்பு டயர் அடுக்கிய இரண்டு அறைகளில். 1971இல் முதலாளி ஹெர்ப் கெம்ப்லர் அதைக் கொடுத்தார். "நீ இருக்கிற வரைக்கும் இருந்துக்கோ," என்று கைகுலுக்கினார். வாடகை கிடையாது, தாளும் கிடையாது. நான் ஒரு தாள் கேட்கச் சொன்னேன். "முதலாளி கை குடுத்திருக்காரு, அப்புறம் தாள் எதுக்கு? எனக்குத்தான் படிக்கத் தெரியாதே," என்றான். 2009இல் கடையை மூடினார்கள். அவன் அங்கேயே இருந்தான். 2014 மார்ச்சில் முதலாளி இறந்தார். இடம் மகன் டக் கைக்கு வந்தது.

நான் இருப்பது முதியோர் குடியிருப்பில் ஒற்றை அறை. விருந்தாளி வருஷத்துக்குப் பதினான்கு நாளுக்கு மேல் தங்கக்கூடாது. அவனை என்னோடு வைத்துக்கொள்ளலாமா என்று அலுவலகத்தில் இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை எழுத்தில் மறுத்தார்கள்.

2016 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் நான் அவனுக்கு மொச்சைக் குழம்பும் சோள ரொட்டியும் கொண்டுபோவேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டக் வந்தார். பின்னால் இழுவண்டியில் ஒரு சிவப்பு கெஸ்ட்ரல்.

"ஆர்லிஸ், யாரு வந்திருக்கான்னு பாருங்க."

ஆர்லிஸ் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போனான். காரை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"மிஸ் ஹாஃப்னரு," என்றான்.

"அட! கல்யாண வீட்ல சொந்தக்காரியப் பார்த்த மாதிரில்ல சொல்றீங்க."

"ஸ்கூல் பாண்டு வாத்தியாரம்மா. அறுபத்தாறு ஜனவரி. பின்னாடி ட்ரம்ப்பெட் பெட்டி வைக்க இடம் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் பணத்தையே எடுத்தாங்க. என்ன தம்பி, இன்ஜினை மாத்திட்டாங்களா? இன்ஜின் மூடியில புடைப்பு இருக்கே."

"மாத்தல. பொறந்ததே பெரிய இன்ஜினோடதான்."

"அந்தம்மாவுக்குப் பெரிய இன்ஜினா? நாப்பதுக்கு மேல ஓட்டினா சர்ச்சுல போய் மன்னிப்பு கேக்குற ஆளு அவங்க."

டக் சிரித்தார். சிரித்துக்கொண்டே பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "அப்போ இது என்னவாம்?"

மஞ்சளேறிய தாள், மூன்றாக மடித்த தழும்பு, எல்லாம் பார்க்க அசலாகத்தான் இருந்தது. ஆர்லிஸ் அதை வெளிச்சத்தில் பிடித்தான். சோற்றில் கல் கடித்தவன் முகம் எப்படிப் போகும், அப்படிப் போயிற்று அவன் முகம்.

"எண்பத்தாறு பத்தா?"

"எது?"

"டெலிவரி. எண்பத்தாறு பத்துன்னு போட்டிருக்கான் மடையன். அது ஏப்ரலுக்கு அப்புறம் தம்பி, லாரில வர ஆரம்பிச்சதும். ஜனவரில நமக்கு ரயில்லதான் வந்துச்சு. எழுபத்தொண்ணு நாற்பது. போர்ட்ஸ்மவுத்துக்கு எழுபத்தொண்ணு நாற்பதுதான்!"

டக் போனை எடுத்துத் தட்டினார். "எழுபத்தொண்ணு நாற்பது. அப்போ மொத்தம்?"

"இதுலன்னா நாலாயிரத்து நானூத்துப் பதினாலு, பதினஞ்சு சென்ட்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்கு உறைத்தது. எனக்கும் அப்போதுதான். தப்பான எண்ணைப் பார்த்தால் திருத்தாமல் இருக்க அவனால் முடியாது. சின்ன வயசிலிருந்தே முடிந்ததில்லை. டக் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். சின்ன இன்ஜின் காருக்கு ஏலத்தில் நாற்பதாயிரம் டாலர் வந்தால் அதிகம். பெரிய இன்ஜினோடு ஃபாக்டரியிலிருந்து வந்தது என்று நிரூபித்தால் ஒரு லட்சத்துக்கு மேல். சீட்டைத் திருத்தி அச்சடித்துக்கொள்வார். ஆர்லிஸ் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: இந்தக் கார் வந்தபோது கழுவியது நான், இந்தச் சீட்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்தது நான்.

"இந்த இடத்தை மலிவுச் சாமான் விக்கிற டாலர் கடைக்காரன் ஒருத்தன் கேக்குறான் ஆர்லிஸ். நல்ல விலை. கார் நல்லா வித்துச்சுன்னா நான் அவன்கிட்ட போக வேண்டியதில்ல. இந்த ரெண்டு ரூமையும் பிரிச்சு, சாகிற வரைக்கும் உங்களுக்குன்னு தாளே எழுதித் தர்றேன். அப்பா வாயால சொன்னதை நான் பேப்பர்ல போடுறேன்."

"நான் பெருக்கல் குறிதான் போடுவேன்," என்றான் ஆர்லிஸ்.

"அது ஆகாது. ஏலக்காரங்க சிரிப்பாங்க. இந்தச் சீட்டைப் பார்த்து அடையாளம் சொல்ற ஆளுக்குப் பேரே எழுதத் தெரியாதுன்னா யாரு நம்புவா? அக்கா, நீங்க சொல்லிக் குடுங்க. ஒரு பேருதானே."

ஒரு பேருதான். அறுபது வருஷமாக வராத பேர்.

அடுத்த வாரம் கரன்ட் பில்லின் பின்பக்கத்தில் அவன் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். அவன் வழக்கம்போல் பென்சிலைக் கடித்தான். பிறகு முதல் எழுத்தின் மேல் விரலை வைத்து, "இதுல எத்தனை கோடு?" என்றான்.

"மூணு."

"இதுல?"

"ஒரு கோடு, ஒரு வளைவு, ஒரு கால். மூணுன்னு வச்சுக்கோ."

அடுத்தது இரண்டு, அடுத்தது ஒன்று, கடைசி வளைவும் ஒன்று. மூணு, மூணு, ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"முப்பத்து மூவாயிரத்து இருநூத்துப் பதினொண்ணா நான்?"

"ஆமாண்டா."

"அப்பா பேரு?"

பிராட்டனை எண்ணினோம். முப்பத்து மூன்று லட்சத்தைத் தாண்டியது. "நாம பெரிய எடம்தான் போல அக்கா," என்று சிரித்தான். ஒன்பது நாளில் பார்க்காமல் எழுதிவிட்டான். கோணல்தான், ஆனால் படிக்கலாம். பள்ளியில் ஆறு மிஸ்களுக்கும் இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவன் எழுதிக் காட்டிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சந்தோஷப்படக்கூட வரவில்லை. அது எதற்காக என்பது ஞாபகம் வந்துவிட்டது.

ஆனாலும் நான்தான் அவனை வற்புறுத்தினேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

"போட்டுடுடா. மிஸ் ஹாஃப்னர் செத்து இருபது வருஷமாச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"வாங்குறவனுக்கு."

"பொம்மைக்கு ஒரு லட்சம் டாலர் குடுக்குறவன் மேல உனக்கென்னடா அவ்வளவு பரிவு?"

"அவன் மேல ஒண்ணுமில்ல. நான் எடுத்த சீட்டு இது இல்ல அக்கா. அதுல நாலாயிரத்து ரெண்டு, பதினஞ்சு சென்ட். ரேடியோ, வெள்ளை டயர், டெலிவரி. வேற ஒண்ணும் இல்ல."

"இந்த வயசுல எங்கடா போவே?"

பாத்திரத்தைக் கழுவினான்.

செப்டம்பர் 6 செவ்வாய்க்கிழமை டக் புதுச் சீட்டோடு வந்தார். சாட்சி முத்திரை வைக்கும் ஒரு பெண்மணியும் கூட வந்தார். மேஜையைத் துடைத்துக் கொடுத்தேன். ஆர்லிஸ் சீட்டை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தான். எழுபத்தொண்ணு நாற்பது. நாலாயிரத்து நானூத்துப் பதினாலு பதினைந்து.

"தப்பு ஏதாவது இருக்கா?" என்றார் டக்.

"நம்பர்ல தப்பில்ல. கார்தான் தப்பு."

முத்திரைக்காரப் பெண்மணி சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆர்லிஸ் பேனாவை எடுத்தான். நுனியைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். போட்டுவிடு, போட்டுவிடு என்றுதான் நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் பேனாவை மூடி, டக் பக்கம் தள்ளினான்.

"முடியல தம்பி."

"எழுத வரலையா? இல்ல எழுத மாட்டீங்களா?"

"எழுத வருது."

டக் எழுந்தார். கத்தவில்லை. "சின்ன வயசுல உங்க தோள்ல உட்கார்ந்துதான் லாரில இருந்து கார் இறங்குறதைப் பார்ப்பேன்," என்று மட்டும் சொன்னார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

ஏலம் செப்டம்பர் 24ஆம் தேதி, கொலம்பஸில். அதற்கு இரண்டு நாள் முன்னால் ஆர்லிஸ் என்னை ஏலக் கம்பெனிக்குப் போன் போடச் சொன்னான். இரண்டு பேரும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். அந்தச் சிவப்பு கெஸ்ட்ரலின் சீட்டு போலி என்று சொன்னேன்.

"அப்படியா மேடம்? அந்தக் காரை எங்க நிபுணரே நேர்ல பார்த்திருக்காரே."

"அவருக்குத் தெரியாதும்மா. சின்ன இன்ஜினோட வந்த கார் அது."

"இருங்க, அவர் எழுதினதைப் படிக்கிறேன்." தாள் புரளும் சத்தம் கேட்டது. "அந்த ஊர் டீலரோட அதே மாசத்து அசல் சீட்டு ஒண்ணு அவர்கிட்ட இருக்கு. டெலிவரி சார்ஜ் சென்ட் வரைக்கும் ஒத்துப்போகுதாம். போலி அடிக்கிறவங்க எல்லாரும் எண்பத்தாறு பத்துன்னுதான் போடுவாங்களாம். எழுபத்தொண்ணு நாற்பது வெளி ஆளுக்குத் தெரிய வாய்ப்பே இல்லைன்னு எழுதியிருக்காரு. அதனாலதான் கையெழுத்துச் சாட்சி இல்லாமலே ஒத்துக்கிட்டோம்."

ஆர்லிஸ் போனைப் பார்த்துக் குனிந்தான். "அதைச் சொன்னது நான்தாம்மா."

"நீங்க யாரு சார்?"

"கார் கழுவுறவன்."

"எழுத்துல அனுப்புங்க சார். பார்க்கிறோம்."

அன்றைக்கே நான் இரண்டு பக்கம் எழுதி, என் பெயரில் அனுப்பினேன். பதில் வந்தது, ஏலம் முடிந்து ஐந்து நாள் கழித்து. அக்கறைக்கு நன்றி என்று இருந்தது. கார் ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம் டாலருக்குப் போனது. வாங்கியவர் கென்டக்கியிலிருந்து வந்தவர் என்று பேப்பரில் போட்டிருந்தது. சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம். அதை ஆர்லிஸிடம் காட்டவில்லை. அவன் வேறு யார் மூலமோ பார்த்துவிட்டான்.

"நல்ல சீட்டு அக்கா," என்றான். "நாமதான் சரி பண்ணிக் குடுத்தோம்."

அதற்குப் பிறகு யார் சீட்டோடு வந்தாலும் பார்க்க மறுத்துவிட்டான். மூன்று பேர் வந்தார்கள். "எனக்குப் படிக்கத் தெரியாது," என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

டக் இடத்தையும் டாலர் கடைக்காரனுக்கே விற்றார். கையெழுத்துப் போட்டிருந்தால் விற்றிருக்கமாட்டாரா என்று நான் பல நாள் யோசித்தேன். தெரியவில்லை. கார் நல்ல விலைக்குத்தானே போனது, அப்படியும் விற்றாரே என்று ஒரு நாள் தோன்றும். தன்னை அவமதித்துவிட்டான் என்ற கோபத்தில் விற்றிருப்பார் என்று இன்னொரு நாள் தோன்றும். டிசம்பரில் இரண்டு அறைகளையும் இடித்தார்கள். இடிப்பதற்கு ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை.

ஆர்லிஸ் இப்போது கவுன்டி முதியோர் இல்லத்தில் இருக்கிறான். பதினான்காம் அறை, ஜன்னல் பக்கக் கட்டில். செவ்வாய்தோறும் இரண்டு பஸ் மாறிப் போகிறேன். மொச்சைக் குழம்பு உள்ளே கொண்டுபோக அனுமதியில்லை. பக்கத்துக் கட்டில்காரர் டிவியில் ஓடும் பழைய காரைக் காட்டி, "இது அப்போ என்ன விலைய்யா?" என்று அவனைச் சீண்டுவார். அவனுக்கு விலை தெரியும், தெரியும் என்று எனக்கும் தெரியும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். எண்கள் கனமாக இருக்கின்றன என்று அவன் சின்ன வயதில் சொன்னதைப் பற்றி அவனிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த இரண்டு அறைகளை விட்டுக்கொடுத்த நாளைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி. நான் செவ்வாய்க்கு வைத்த ரொட்டி இன்னும் தட்டில் மீந்திருந்தது. டக் ஒரு தாளோடு வந்து நின்றார், உட்காரவில்லை. முப்பது நாளுக்குள் நானாக விருப்பப்பட்டுக் காலி செய்கிறேன், எனக்கு இதில் எந்த உரிமையும் இல்லை என்று அதில் இருந்தது. நான்தான் வாய்விட்டுப் படித்தேன். "விருப்பப்பட்டு" என்ற இடத்தில் ஆர்லிஸ் கையை உயர்த்தினான். மறுபடியும் படித்தேன். கையை இறக்கிவிட்டான்.

"கையெழுத்துக் கோடு எங்க இருக்கு?"

"பெருக்கல் குறியே போதும் ஆர்லிஸ்," என்றார் டக். "அக்கா சாட்சி போட்டா சரியாயிடும். இதுக்குப் பேரெல்லாம் தேவையில்ல."

"உங்களுக்காகத்தானே தம்பி கத்துக்கிட்டேன். பேனாவைக் குடுங்க."

டக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆர்லிஸ் தாளை நேராக்கினான். இடது கையால் மேல்மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். மூணு என்றான், சத்தமில்லாமல். மூணு. ரெண்டு. ஒண்ணு. ஒண்ணு. மூச்சு வாங்கிக்கொண்டு அப்பா பெயரைத் தொடங்கினான். நடுவில் ஒரு கோடு கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அதைப் பார்த்துத் தலையை ஆட்டினான், ஆனால் அடித்துத் திருத்தவில்லை. முழுவதும் எழுத நான்கு நிமிஷம் ஆயிற்று. பக்கத்தில் சாட்சிக்கு இடம் விட்டிருந்தார்கள். அதில் என் கையெழுத்து தேவைப்படவில்லை. பேனாவை வாங்கி, பெயருக்குக் கீழே டக் தேதி போட்டார்: 2016 அக்டோபர் 13.